கோல்டு கார்டு இருந்தும் வாசலில் நின்ற கதை

போன வருஷம் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். வழியில் ஒரு ஐரோப்பிய விமான நிலையத்தில் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் கவலையே இல்லை. வேலைக்காக வருஷத்தில் நாலைந்து தடவை பறக்கிறவள், கையில் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு கார்டு இருக்கிறது (அடிக்கடி பறக்கிறவர்களுக்குத் தரும் தகுதி, ஸ்டேட்டஸ் என்பார்கள்), லவுஞ்சில், அதாவது நிலையத்தின் தனி ஓய்வுக்கூடத்தில், அம்மா காலை நீட்டி உட்காரலாம், குழந்தை ஏதாவது சாப்பிடும், நான் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று சென்னையில் விமானம் ஏறும்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வாசலில் இருந்த பெண் மூன்று போர்டிங் பாஸையும் வாங்கிப் பார்த்தார், என்னுடையதை ஸ்கேன் பண்ணினார், "ஒரு விருந்தினர்தான்" என்றார். ஏழு வயசுக் குழந்தை கணக்கில் வராது என்று நானாக நினைத்திருந்தேன். வரும். கோல்டு கார்டுக்காரரோடு ஒரே ஒருவர்தான் போகலாம், குழந்தையும் ஒருவர்தான். அம்மாவையும் மகளையும் உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே இருக்கலாமா என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் உரிமை என்னுடையது, நான் உள்ளே இருந்தால்தான் விருந்தினருக்கு இடம். காசு கட்டுகிறேன் என்றேன், அந்த லவுஞ்சில் அந்த ஏற்பாடே இல்லை. அவர் மேல் தப்பில்லை, கோபப்படவும் முடியவில்லை.

அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "என்ன கண்ணு, பந்திக்கு ஆள் எண்ணியா உடறாங்க?" என்று கேட்டுவிட்டு, "வா, அந்தச் சேர்லயே உக்காந்துக்கலாம்" என்று கேட் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் அந்த ஆறு மணி நேரமும் போனில் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பல வருஷமாகத் தனியாகவே பறந்து பழகியதில், விருந்தினர் விதியை நான் படித்ததே இல்லை.

அன்றைக்குப் படித்ததும், அப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பதிவு. கனெக்ஷன் போட்டுப் பறக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் அடிப்படையான ஒன்று. லவுஞ்ச் உரிமை நீங்கள் இறங்கிய விமானத்துக்கு இல்லை, அடுத்து ஏறப்போகிற விமானத்துக்கு. பதினாலு மணி நேரம் பறந்து வந்து இறங்கினேன் என்பதெல்லாம் வாசலில் செல்லாது. ஸ்டார் அலையன்ஸ் கோல்டு என்றால், அங்கிருந்து கிளம்பும் அடுத்த விமானத்தை ஸ்டார் அலையன்ஸ் நிறுவனமே இயக்க வேண்டும், அது அதே நாளிலோ மறுநாள் காலை 5 மணிக்கு முன்போ கிளம்ப வேண்டும். கிளாஸ் எதுவானாலும் சரி, எகானமியின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் சரி. இதில் "இயக்க வேண்டும்" என்ற வார்த்தையை அழுத்திப் படியுங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும், விமானம் இன்னொருவருடையதாக இருக்கும். கோட்ஷேர் என்பார்கள். எண் கூட்டணிக்காரருடையது என்பதற்காக லவுஞ்ச் கதவு திறக்காது.

நம் பக்கத்து ஆட்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறோம். இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது, ஆனால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கிறது, அதன் சொந்தப் பிள்ளையான ஸ்கூட் இல்லை. திருச்சிக்கும் கோவைக்கும் சிங்கப்பூரிலிருந்து ஸ்கூட்டில் வருகிறவர்கள் எத்தனை பேர். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வரை பெரிய விமானத்தில் வந்து, அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் ஸ்கூட்டுக்கு மாறும்போது, வேறொரு நிறுவனத்தின் கோல்டு கார்டு கையில் இருந்தால் ஸ்டார் அலையன்ஸ் விதிப்படி அங்கே உரிமை எதுவும் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த உறுப்பினர்களுக்குத் தனியாக என்ன தருகிறது என்பது வேறு விஷயம், அதை டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 5 மணி விதி நமக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்களில் பல, நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி என்று இருக்கும், நீங்கள் 14ஆம் தேதி ராத்திரியே நிலையத்தில் இருப்பீர்கள். "அதே நாள்" என்று மட்டும் விதி இருந்திருந்தால் பன்னிரண்டு மணி அடிக்கும் வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆனால் இதை நம்பி மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ சாயங்காலமே சென்னைக்கு வந்துவிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. செக்-இன் கவுண்டர் விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் திறக்கும். லவுஞ்சோ இமிக்ரேஷனும் செக்யூரிட்டியும் தாண்டி உள்ளே இருக்கிறது. பெட்டியை வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும்போது கார்டு என்ன செய்யும்?

சரி, அமெரிக்கா. இங்கேதான் விதி தலைகீழாக நிற்கும், முதல்முறை கேட்கிறவர் நம்பவே மாட்டார்.

யுனைடெட் ஏர்லைன்ஸின் மைலேஜ் பிளஸ் திட்டத்தில் (பறப்பதற்கு மைல் என்ற புள்ளிகள் தரும் திட்டம்) கோல்டு வாங்கியவர் ஸ்டார் அலையன்ஸ் கோல்டுதான். ஆனால் அவர் அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது யுனைடெட் கிளப் என்ற அவர்கள் லவுஞ்சுக்குள் போக முடியாது. சர்வதேசப் பயணமோ, அதனோடு சேர்ந்த கனெக்ஷனோ இருந்தால்தான் அனுமதி. அதே விமானத்தில், பக்கத்து சீட்டில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் கோல்டு கார்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் தாராளமாகப் போகலாம், கூட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். சொந்த வீட்டுப் பிள்ளை திண்ணையில், விருந்தாளி கூடத்தில். காரணம் யோசித்தால் எளிது. அமெரிக்க நிறுவனங்கள் லவுஞ்ச் உறுப்பினர் சந்தாவை வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. உள்ளூரில் வாரா வாரம் பறக்கும் ஆட்களுக்கெல்லாம் ஸ்டேட்டஸைக் காட்டி உள்ளே வரலாம் என்றால் அந்தச் சந்தாவை யார் கட்டுவார்?

இது கனெக்ஷனில் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்து, அதே நாளில் ஆஸ்டினுக்கு யுனைடெட்டில் மாறுகிறீர்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன், பெட்டியை எடுத்து மறுபடி போடுவது, திரும்பவும் செக்யூரிட்டி, எல்லாம் முடிக்க வேண்டும். அதெல்லாம் தாண்டி யுனைடெட் கிளப் வாசலுக்கு வந்தால் யுனைடெட் கோல்டுக்காரருக்கும் அனுமதி உண்டு, ஏனென்றால் அது இன்னும் சர்வதேசப் பயணத்தின் தொடர்ச்சி. ஆனால் "களைப்பாக இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோவில் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போகலாம்" என்று முடிவு செய்தால் மறுநாள் அவர் வெறும் உள்நாட்டுப் பயணி. கிறிஸ்ஃபிளையர்காரருக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். அங்கேயே குடியிருந்து அடிக்கடி உள்ளூரில் பறக்கும் நம் ஆட்கள் சிலர் வேண்டுமென்றே வெளிநாட்டு நிறுவனத்தின் திட்டத்தில் மைல் சேர்ப்பது இதற்காகத்தான். எல்லோருக்கும் அது லாபமா என்றால் இல்லை, அப்கிரேடு மாதிரி மற்ற சலுகைகள் சொந்தத் திட்டத்தில்தான் அதிகம்.

ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு கூட்டணியிலும் இதே கதை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அலாஸ்கா ஏர்லைன்ஸ் திட்டங்களின் உறுப்பினர்களுக்கு, வட அமெரிக்காவுக்குள்ளேயே சுற்றும் பயணத்தில் ஸ்டேட்டஸை வைத்து லவுஞ்ச் கிடையாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் சில்வரோ குவாண்டாஸ் கோல்டோ வைத்திருந்தால் உண்டு, அவை இரண்டும் ஒன்வேர்ல்டில் சபையர், அதாவது லவுஞ்ச் உரிமை தரும் படி. சிட்னி, மெல்போர்ன் நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவர்களில் சிலர் கொழும்பு வழியாகத் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறார்கள். ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து ஒன்வேர்ல்டில் இருப்பதால் கொழும்பிலும் அந்தக் கார்டு செல்லும். ஸ்கைடீம் என்ற மூன்றாவது கூட்டணி பற்றி எனக்கு அனுபவம் குறைவு. அதன் எலீட் பிளஸ் ஸ்டேட்டஸ் தரும் லவுஞ்ச் உரிமை அடிப்படையில் சர்வதேசப் பயணத்துக்கானது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

கதவு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கதவு என்பது அடுத்த கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த முரண் இதில்தான் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட்டில், முதல் வகுப்பை விட்டுவிட்டால், லுஃப்தான்சாவுக்கு இரண்டு வகை லவுஞ்ச், பிசினஸ் லவுஞ்ச் ஒன்று, செனட்டர் லவுஞ்ச் ஒன்று. செனட்டர்தான் ஒரு படி மேல். பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கி, ஸ்டேட்டஸ் இல்லாதவர் பிசினஸ் லவுஞ்சுக்குப் போவார். எகானமி டிக்கெட்டும் ஸ்டார் அலையன்ஸ் கோல்டும் வைத்திருப்பவர் செனட்டருக்குப் போவார். சாங்கியில் அப்படியே எதிர்மாறு. அங்கே பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தால் சில்வர்கிறிஸ் லவுஞ்ச். எகானமியில் போகும் கோல்டுகாரருக்கு கிறிஸ்ஃபிளையர் கோல்டு லவுஞ்ச், அதில் குளிக்க இடம் கிடையாது. சென்னையிலிருந்து ராத்திரி விமானத்தில் விடிகாலை வந்து இறங்கி, குளித்துவிட்டு அடுத்த விமானம் ஏறலாம் என்று சோப்பு டப்பாவோடு போகாதீர்கள். காசு கொடுத்தால் ட்ரான்சிட் பகுதியிலேயே குளிக்க வேறு இடம் உண்டு. ஆக, பிராங்க்ஃபர்ட்டில் கார்டுக்கு மரியாதை, சாங்கியில் டிக்கெட்டுக்கு மரியாதை.

கத்தார் ஏர்வேஸின் தோஹாவும் சாங்கி மாதிரிதான். பிசினஸ் கிளாஸ்காரர்களுக்கான அல் மூர்ஜான் லவுஞ்சின் படங்களைப் பார்த்துவிட்டு, சபையர் கார்டோடு எகானமியில் போகிறவர் அங்கே போய் நிற்பார். கார்டுக்காரர்களுக்கு அங்கே லவுஞ்ச் தனி. இன்னொரு பக்கம், பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தாலே லவுஞ்ச் உண்டு என்ற காலமும் போய்விட்டது. எமிரேட்ஸ் 2019லேயே லவுஞ்ச் இல்லாத பிசினஸ் கிளாஸ் கட்டணத்தை ஆரம்பித்தது, கத்தார் ஏர்வேஸ் அதன்பின் லைட் என்ற பெயரில் அதைச் செய்தது. மலிவாக இருக்கிறது என்று வாங்குவதற்கு முன் கட்டண வகையைத் திறந்து பாருங்கள். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லாததால் வேறு நிறுவனங்களின் கார்டுக்கு அங்கே பெரும்பாலும் மதிப்பில்லை. அவர்களுடைய ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தில் சில்வர் இருந்தால் துபாயில் மட்டும் போகலாம், கோல்டு என்றால் வெளியூர் லவுஞ்சுகளும்.

யுனைடெட்டின் பொலாரிஸ் லவுஞ்சையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகத்தில் வாரம் ஒருவர் கேட்கிறார். கோல்டு கார்டுக்கு அது கிடையாது. நீண்ட தூர சர்வதேச பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வேண்டும். கூட்டணியில் உள்ள வேறு நிறுவனத்தின் பிசினஸ் டிக்கெட் என்றால், அந்த நீண்ட விமானம் அந்த நிலையத்திலிருந்தே கிளம்ப வேண்டும்.

ஐரோப்பாவில் இன்னொரு விஷயம் உண்டு. லவுஞ்சைப் பார்த்ததும் உள்ளே போய்விடாதீர்கள். சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வந்து பாரிஸ் போகிறீர்கள் என்றால் நடுவில் பாஸ்போர்ட் பரிசோதனை இருக்கிறது, அங்கேதான் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழைகிறீர்கள். சிகாகோ போகிறவருக்கு அது இல்லை. பாரிஸ் போகிறவர் பரிசோதனைக்கு முன்னால் இருக்கும் லவுஞ்சில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, போர்டிங்குக்கு அரை மணி இருக்கும்போது எழுந்து வந்து அந்த வரிசையைப் பார்த்தால் சாப்பிட்டதெல்லாம் ஜீரணமாகிவிடும். முதலில் வரிசைகளை முடியுங்கள், கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள லவுஞ்சைப் பிடியுங்கள், உட்காரும் நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

இனி பெயர் விவகாரம், இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கிற பெயரைச் சர்நேம் ஆக்கிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துக் கொடுப்பார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் டிக்கெட்டில் ஒரு மாதிரி, மைல் கணக்கில் ஒரு மாதிரி, அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் உறுப்பினர் எண் டிக்கெட்டில் ஒட்டாது, ஸ்டேட்டஸ் போர்டிங் பாஸில் அச்சாகாது. கோல்டுகாரர்களின் போர்டிங் பாஸில் ஒரு நட்சத்திரமும் ஜி என்ற எழுத்தும் இருக்கும். சென்னையில் பாஸ் கையில் வந்ததுமே அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே கேட்டுச் சரி செய்யுங்கள். என் மைல் கணக்கில் பெயரை மாற்றவே மூன்று வாரம் ஆனது, அப்பா பெயர் என் பெயர்தான் என்று ஒருவருக்கு மின்னஞ்சலில் விளக்கிப் பாருங்கள் தெரியும்.

மைலை ஒரு திட்டத்தில் போட்டுவிட்டு, ஸ்டேட்டஸ் வேறொரு திட்டத்தில் இருந்தால் பாஸில் அந்த நட்சத்திரம் வராது. அப்போது கார்டைத் தனியாகக் காட்டலாம், செயலியில் இருந்தாலும் சரி. ஆனால் அங்கே இணையம் கிடைக்கும் என்று நம்பாமல் முன்னாலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி.

கிரெடிட் கார்டோடு வரும் லவுஞ்ச் அட்டைகள் தனி உலகம். அவற்றுக்கு எந்த விமானம் என்பது முக்கியமில்லை, இண்டிகோவானாலும் ஸ்கூட்டானாலும் போகலாம், அதுதான் அவற்றின் பலம். ஆனால் பெரும்பாலும் விமானத்துக்கு 3 மணி நேரம் முன்புதான் உள்ளே விடுவார்கள், கூட்டம் இருந்தால் இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். நம் வங்கிகள் இப்போது காலாண்டுக்கு இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் இலவசம் என்று கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டன. பல கார்டுகளில் உள்நாட்டு லவுஞ்சுக்குக் கடன் அட்டையையே தேய்க்க வேண்டும், கூட வந்த உறுப்பினர் அட்டை வெளிநாட்டுக்கு மட்டும். மாற்றிக் காட்டினால் டாலரில் பில் வரும்.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது அதே ஊர், அதே ஆறு மணி நேரம். இந்த முறை விவரமாக இருக்கிறேன் பேர்வழி என்று, கோல்டு கார்டை எடுக்காமல், வங்கிக் கார்டோடு வந்த அந்த உறுப்பினர் அட்டையை வேறொரு லவுஞ்சில் நீட்டினேன். மூன்று பேரையும் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்கள். அம்மாவுக்குச் சோபா, மகளுக்கு ஐஸ்கிரீம். எனக்கு மட்டும்தான் இலவசம், விருந்தினருக்குத் தலைக்கு 35 டாலர் என்பது அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தெரிந்தது. 70 டாலர், வரியும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். அம்மா அங்கே சாப்பிட்டது ஒரு கிண்ணம் சூப்பும் பாதி ரொட்டியும். இன்றுவரை அவரிடம் தொகையைச் சொல்லவில்லை.

கோல்டில் ஒரு விருந்தினர், இந்த அட்டையில் ஒருவருக்கு மட்டும் காசு என்று இரண்டையும் கலந்து பயன்படுத்தியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்குமே என்று கணவர் கேட்டார். முடியாது, இரண்டும் வேறு வேறு லவுஞ்ச். அவரும் மைல் சேர்த்து கோல்டு வாங்கினால்தான் வழி என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

சென்னையில் நள்ளிரவு தாண்டி வந்து இறங்கினோம். இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து, டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு வந்தோம். கோவை விமானம் விடிந்த பிறகுதான், அதுவும் இண்டிகோ. அதற்கு என் கோல்டு கார்டு ஒரு பேப்பர். மகள் டிராலியிலேயே தூங்கிவிட்டாள். அம்மா இரும்பு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டி கட்டிக் கொடுத்த முறுக்கைப் பிரித்தார். "இந்தா கண்ணு, இங்க யாரும் எண்ண மாட்டாங்க" என்று எனக்கு இரண்டு எடுத்துக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவுக்கும்.